வாசலில் நின்ற ஆண் உண்ணி

தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் கழிந்துவிட்டால் ராயபுரத்தில் தெருவுக்கொரு கல்யாணம் வரும். அந்த வாரங்களில் நான் வேலைவிட்டு நேர்வழியில் வீடு திரும்புவதில்லை. வாசலில் மூங்கில் வளைவு கட்டிய வீடு தூரத்தில் தெரிந்தாலே கால்கள் தாமாகப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடும். "நடக்கட்டும், ஒடம்புக்கு நல்லதுதான்" என்று என் மனைவி சிரிப்பாள். அவளுக்குக் காரணம் தெரியும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் நடந்ததை நினைத்து இன்னும் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறேன். எழுதினால் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

துறைமுகத்தின் வரைபட அறையில் எனக்கு வேலை. கிரேன், பம்ப்பு, குழாய், மதகு என்று இரும்பால் ஆன எதையும் காகிதத்தில் இறக்கிவிடுவேன். எங்கள் அறைக்கென்று சில பழக்கங்கள் உண்டு. அடித்து வளைக்கும் தேனிரும்பு என்றால் நீலம் பூசுவோம், பித்தளைக்கு மஞ்சள், செங்கல்லுக்குச் சிவப்பு. வண்ணத்தைப் பார்த்தே கொத்தனும் கொல்லனும் அவரவர் வேலையைத் தெரிந்துகொள்வார்கள். இன்னொரு பழக்கம், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் பொருளைப் பாதிதான் வரைவோம். நடுக்கோட்டில் டிரேசிங் காகிதத்தை மடித்து, மறுபாதியை முதல் பாதியின் மேலேயே நகலெடுத்துவிடுவோம். வேலை பாதி, அழகு முழுசு. இருபத்தைந்து வருஷம் இப்படி மடித்து மடித்தே என் கை பழகியிருந்தது.

எனக்கு இரண்டு பெண்கள். அப்போது மூத்தவளுக்கு இருபத்தொரு வயது, இளையவளுக்குப் பதினாலு. மூத்தவளுக்கு அதற்கு முன்பே ஒரு வரன் கூடி வந்து கலைந்திருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, துறைமுகத்துப் பெரிய கிரேன் எத்தனை டன் தூக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பித் தட்டோடு வந்த என் மகள், "போன வருஷம் அதோட கையை நீளமாக்கிட்டாங்களே, இப்ப அவ்வளவு தூக்காது" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினாள். சின்ன வயதிலிருந்து என் வரைபடங்களைப் பார்த்து வளர்ந்தவள், உள்ளதைத்தான் சொன்னாள். மறுவாரம் தகவல் வந்தது: பெண்ணுக்கு வாய் நீளம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் யாரும் கிரேன் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அப்புறம்தான் இந்த இடம் வந்தது. பையன் மின்சார நிலையத்தில் ஃபிட்டர், அமைதியானவன். அவன் அப்பா இழுவைப் படகில் ஆட்களை மேய்க்கும் சாரங்காக இருந்து ஓய்வு பெற்றவர், திருவொற்றியூரில் வீடு. ஒரு விசில் ஊதினால் இருபது ஆள் ஓடிவந்து நிற்கும்படி வாழ்ந்த மனிதர், வீட்டிலும் அந்த விசிலைக் கழுத்தை விட்டுக் கழற்றவில்லை. முறுக்கிய மீசை. பிடிக்காவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார் என்று அவரைப் பற்றி ஊரில் பேச்சு. எனக்கு அது போதாதா? ஓலை வாசிக்கிற மூன்று ஞாயிறும் கோயிலில் நான் ஜெபம் பண்ணவில்லை. பாதிரியார் மணமக்கள் பெயரைப் படித்து, "தடை இருந்தால் சொல்லவும்" என்னும்போதெல்லாம் யார் இருமுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில்தான் உண்ணி வந்தது.

துறைமுகத்தில் கப்பலேறும் ஆடுமாடுகளைச் சோதிக்க ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். தெற்கத்திக்காரர், தனியாள். காக்கி அரைக்கால் சட்டையும் சைக்கிளுமாகத் திரிவார். மாடுகளைவிட மாட்டின் மேல் இருக்கும் உண்ணிகளிடம்தான் அவருக்கு அதிகப் பிரியம். ஆண் உண்ணியின் உள்ளுறுப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார், அதற்குப் படம் போட ஆள் தேடினார். எங்கள் பெரிய அதிகாரி என்னைக் கைகாட்டி, "ஞாயிற்றுக்கிழமையில் செய்து கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

பூசை முடிந்து வந்தால் வீட்டில் டாக்டர் உட்கார்ந்திருப்பார். மேசை மேல் மைக்ராஸ்கோப். பக்கத்தில் மெழுகு ஊற்றிய ஒரு தட்டு, அதில் உப்புத் தண்ணீர். துவரம்பருப்பு அளவில் ஓர் உண்ணியை ஊசியால் மெழுகில் குத்தி நிறுத்தி, முதுகு ஓட்டின் ஓரத்தைச் சவரக் கத்தித் துண்டால் சுற்றிக் கீறி, மூடியைத் திறப்பதுபோல ஓட்டை எடுத்துவிடுவார். அதற்குக் கீழே இருந்ததை முதன்முதலில் பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஆசையாகவே இருந்தது. அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு குழாய்.

"பொட்டைக்கு முதுகுல முன்பக்கம் மட்டும்தான் ஓடு. அதனாலதான் ரத்தம் குடிச்சு ஆமணக்கு விதையாட்டம் ஊதுது" என்று டாக்டர் விளக்குவார். "ஆணுக்கு முதுகு முழுக்க ஓடு. ஊத முடியாது. அதனால ஜனங்க அதைக் குட்டின்னு நினைச்சு விட்டுடுறாங்க."

இரண்டு பக்கமும் நீளநீளமாக இரண்டு விரைகள். அவற்றிலிருந்து மெல்லிய குழல்கள் வளைந்து வளைந்து முன்னால் வந்து நடுவில் ஒன்றுசேர்கின்றன. சேருமிடத்தின் மேல் வெள்ளைவெளேரென்று, மடல் மடலாக, ஒரு பெரிய சுரப்பி கவிழ்ந்திருக்கிறது. அதுதான் டாக்டரின் உயிர். அந்த மடல்களில் சுரக்கும் பசைகளால் உண்ணி ஒரு சின்னப் பை செய்கிறதாம், விந்தை அதில் அடைத்துப் பொட்டையிடம் சேர்க்கிறதாம். எதனால் சேர்க்கிறது என்று கேட்டேன். "வாயால" என்றார். நான் மேலே கேட்கவில்லை. அடுப்படியில் என் மனைவியும் பெண்களும் இருந்தார்கள்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் யார் கேட்டாலும் இது பம்ப்பு. இரண்டு தொட்டி, இரண்டு குழாய், ஒரு கலவை அறை, ஒரு வெளிவாய். டாக்டரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பெண்கள் இருக்கிற வீடு, படத்தில் பெயர் எதுவும் எழுத வேண்டாம், ஏ, பி, சி, டி என்று எழுத்து மட்டும் போட்டுக்கொள்ளலாம். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

முதல் படத்தை ஒரே மாலையில் முடித்தேன். எப்படி? பாதி வரைந்து, காகிதத்தை மடித்து, மறுபாதியை நகலெடுத்து. அழகாக வந்தது. அழகு போதாதென்று ஆபீஸ் பழக்கத்தில் வண்ணமும் பூசினேன். விரை தொட்டியல்லவா, நீலம். குழல் பித்தளை மஞ்சள். சுரப்பிக்குச் செங்கல் சிவப்பு.

டாக்டர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பிரமாதமா இருக்கு. ஆனா இப்படி ஒரு உண்ணி உலகத்துலயே இல்ல."

"ஏன்?"

"நான் அறுத்த உண்ணியில வலது விரை நீளம். குடலைச் சுத்திகிட்டுக் கிடக்கு. இடது பக்க மடல் சின்னது. நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க. கடவுள் உங்க ஆபீசுல வேலை பாக்கல ஐயா, மடிச்சுப் போட."

திரும்ப வரைய உட்கார்ந்தேன். முடியவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணும் காகிதத்தில் ஒரு கண்ணுமாக வைத்து, இரண்டையும் திறந்தபடி வரைய வேண்டும். எனக்கு ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும். நாற்பத்தேழு வயதுக் கண். காப்பி கொண்டுவந்த மூத்தவள், "நான் பாக்கட்டுமா?" என்றாள். குனிந்தாள். இடது கண் குழலில், வலது கண் காகிதத்தில், கை ஓட ஆரம்பித்துவிட்டது.

"அது வந்து... ஒரு மாதிரிப் பம்ப்பு" என்றேன்.

"சரிப்பா" என்றாள், தலை நிமிராமல்.

நாலு ஞாயிறு வரைந்தாள். ஒரு நாள் டாக்டரின் சீசாவிலிருந்து ஓர் உண்ணி காணாமல் போய், என் மனைவி பாய், தலையணை, துணிமணி எல்லாவற்றையும் வெயிலில் போட்டு உதறி, கடைசியில் அது டாக்டரின் காலுறையிலேயே கிடைத்தது. அதைத் தவிர வேறு அசம்பாவிதம் இல்லை. மகள் வரைந்த படம் கறுப்பு மையில், ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகி, பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. டாக்டர் மட்டும் அதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, தகரக் குழாயில் போட்டுத் தாமே தபாலாபீசுக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் வரைந்த வண்ணப் படம் அலமாரி மேல் சுருண்டு கிடந்தது. கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நல்ல காகிதம், மனம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் எனக்குப் பாதி நாள் லீவு. மத்தியானம் தெருமுனை திரும்பும்போதே எங்கள் வாசலில் கூட்டம் தெரிந்தது. அந்தத் தெருவில் பந்தலுக்கு இவ்வளவு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. விலக்கிக்கொண்டு போய் நிமிர்ந்தேன்.

பதினைந்தடி உயரத்தில் ஆண் உண்ணி நின்றது.

வாசலின் இரண்டு பக்கமும் மூங்கில் தப்பையை வளைத்து, நீலக் காகிதம் ஒட்டி, தூண்களாக நின்றவை விரைகள். அவற்றின் உச்சியிலிருந்து மஞ்சள் குழல்கள் அலை அலையாக ஏறி நடுவில் கூடின. அங்கே சிவப்புக் காகிதத்தில் மடல் மடலாக, என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே பெரிய சுரப்பி. ஓரங்களில் ஜிகினா. அதன் நடுவிலிருந்து வெளிவாய்க் குழாய் கீழே தொங்க, அதன் நுனியில் ஒரு விளக்கு. ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள்கூட விடுபடவில்லை. தங்கக் காகிதத்தில் வெட்டி அந்தந்த இடத்தில் ஒட்டியிருந்தது.

பந்தல்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் தெருக்காரர்தான். முகமெல்லாம் வேர்வையும் பெருமையும்.

"இன்னா நைனா, எப்டி கீது? முப்பது வர்ஸமா பந்தல் போட்டுகினு கீறேன், இத்த மாதிரி ஷோக்கா ஒரு வளைவு நான் கட்னதில்ல. உன் கையிக்கு மோதிரம் போடணும்."

"யார்... யார் கொடுத்தது உன்கிட்ட?"

"அம்மாதான். நீ வளைவுக்குப் படம் போட்டுத் தரேன்னியே, காலீல வந்து கேட்டேன். அலமாரி மேல இருந்து எடுத்துக் குட்த்தாங்கோ. அளவு மட்டும் போடல நீ. வாசல் அகலத்துக்கு நானே கணக்கு பண்ணிக்கினேன்."

உண்மைதான். வளைவுக்குப் படம் போட்டுத் தருகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், போடவில்லை. வண்ணம் பூசி, இரண்டு பக்கமும் ஒத்து, தூணும் முகடுமாக அலமாரி மேல் ஒரு படம் இருந்தால் பாவம் அவள் வேறென்ன நினைப்பாள்?

"பிரிச்சுடு" என்றேன்.

"இன்னாது?"

"பிரிச்சுடுப்பா. வெறும் தென்னங்கீத்து போதும்."

பந்தல்காரர் இடுப்பில் கை வைத்தார். "இன்னா நைனா பேஜாரு பண்றே? ஊரே நின்னு பாத்துகினு கீது. நாலு பேரு அவங்க வூட்டுக் கல்யாணத்துக்கும் இதே மாதிரி ஓணும்னு சொல்லிக்கீறாங்க. என் கையால பிரிக்க மாட்டேன். நீ ஓணும்னா ஏறிப் பிரி." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உள்ளே ஓடினேன். மனைவியை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டுக் காதோடு சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆணோடதா?"

"ஆணோடது."

"அத்தயா நாலு வாரம் நம்ப பொண்ணு குந்தி வரைஞ்சா?"

"சத்தம் போடாதே. பம்ப்புன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. "சாரங்கு காதுல உழுந்துது, போச்சு" என்றாள். "வாய் நீளம்னு ஒர்த்தன் போனான். இப்ப இன்னா சொல்லிட்டுப் போவாங்கோ?"

அதே நேரம் வெளியே விசில் சத்தம் கேட்டது.

முகூர்த்தப் புடவையும் தாலியும் வைத்த தட்டோடு சாரங்கு வந்து நின்றார். கூட யாரும் இல்லை, வீட்டார் எல்லாம் மறுநாள்தான் வருவார்கள். தட்டை என் மனைவி வாங்கிக்கொண்டாள். அவர் உள்ளே வரவில்லை. வளைவுக்குக் கீழே நின்று, மீசையைத் தடவிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"சம்மந்தி, இன்னா பூ இது? ரொம்போ நல்லா கீது."

"சும்மா... ஒரு கற்பனை."

"அப்பால இன்னாத்துக்கு ஏபிசிடி?"

அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "படிச்சவங்க வூடுன்னு தெரியட்டும், அதான? சரிதான். என் புள்ளைக்குப் படிச்ச பொண்ணு வருதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

எனக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒரு நிமிஷம், உள்ளே அழைத்துப் பலகாரம் வைத்துவிட்டால் தப்பித்தோம் என்று அவர் கையைப் பிடித்தேன். அப்போது ஒரு சைக்கிள் மணி அடித்தது.

மறுநாள் வெளியூர்ப் பயணம் என்பதால் டாக்டர் முன்கூட்டியே வாழ்த்த வந்திருந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளிலேயே நின்றார். வாயைத் திறந்தார், மூடவில்லை. இறங்கிச் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். வளைவை நெருங்கிச் சுண்டுவிரலால் மடல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

நான் இருமினேன். பலமாக இருமினேன். கண்ணால் ஜாடை காட்டினேன். உண்ணி என்று வந்துவிட்டால் அந்த மனிதருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

"தப்பு" என்றார்.

சாரங்கு திரும்பினார். "இன்னா தப்பு?"

"இடது மடல் இவ்வளவு பெரிசா இருக்காது. வலது விரை இன்னும் நீளம்."

"வெரையா? பூவுக்கு ஏதுய்யா வெரை?"

"பூ இல்லீங்களே. மாட்டு உண்ணி. ஆண் உண்ணியோட இனவிருத்தி உறுப்பு." அவர் வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னார். "இந்த நீலம் ரெண்டும் விரை. சிவப்பு, சுரப்பி. விளக்கு தொங்குதே, அதான் வெளித் துவாரம்."

சாரங்கு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சம்மந்தி. இத்த யாரு வரைஞ்சது?"

"நான்தான்" என்றேன். அது பொய் இல்லை. அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடக்கூடாதா என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"ஆமா, இது அவரு வரைஞ்சதுதான்" என்றார் டாக்டர். "தப்பா வரைஞ்சது அவரு. சரியா வரைஞ்சது பொண்ணு. நாலு வாரம் மைக்ராஸ்கோப்புல பாத்து வரைஞ்சுது. அப்படியொரு கண்ணு நான் யார்கிட்டயும் பாக்கல."

அதற்குப் பிறகு சாரங்கு வாய் திறக்கும்வரை எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். எதிர்வீட்டுக் கோழி ஒன்று வாசலைக் கடந்து போனது நினைவிருக்கிறது. உள்ளே பித்தளைத் தட்டு ஏதோ கீழே விழுந்தது. அவர் நெஞ்சின் மேல் அந்த விசில் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்த மூன்று ஓலையும், அடித்த பத்திரிகையும், ஒன்றரை வருஷம் என் மகள் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்ததும் எல்லாம் சேர்ந்து அந்த விசிலில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்று வளைவுகளைக் கண்டு நான் ஒதுங்குவது அந்த அரை நிமிஷத்துக்காகத்தான்.

"பொண்ணைக் கூப்டு" என்றார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நலங்கு மஞ்சளோடு அவள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

"நீ பாத்தியாம்மா, உள்ள?"

"பாத்தேன் மாமா."

"இன்னான்னு தெரிஞ்சிதான் பாத்தியா?"

நான் அவளுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். பம்ப்பு என்று சொல்லத்தான்.

"தெரிஞ்சுதான் மாமா. இருந்த மாதிரி வரைஞ்சேன்."

சாரங்கு தலையைச் சொறிந்தார். வளைவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் கேட்பதுபோல, "ஏம்மா, என் வூட்ல ஒரு எருமை கீது. உண்ணி புடுங்கிப் புடுங்கி என் கை தேஞ்சி போச்சி. போன வாரம் நூறு எடுத்தா இந்த வாரம் நூறு கீது. பெர்சு பெர்சா ஊதிக்கினு கீதே, அதானே கடா?" என்றார்.

"இல்ல மாமா. அது பொட்டை. முதுகு முழுக்க ஓடா, தட்டையா, சின்னதா இருக்கும் பாருங்க. அதுதான் ஆண்."

"அத்தக் குட்டின்னு உட்டுட்டேனே!"

"எல்லாரும் அப்படித்தான் விடறாங்களாம். டாக்டரய்யா சொன்னாரு."

"இத்தினி வர்ஸமா பொம்பளைங்களை மட்டும் புடுங்கிகினு, ஆம்பளைங்களைச் சொகமா வுட்டு வச்சிகீறேனா?" சாரங்கின் மீசை ஆடியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வயிறு குலுங்க, விசில் குதிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

சிரிப்பு அடங்கியதும் சாரங்கு என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். முகம் மாறியிருந்தது. "சம்மந்தி, ஒண்ணு மட்டும். என் வூட்டம்மாவுக்கு இது தெரிய வாணாம். அவங்க கேட்டா பூவு. நான் கேட்டாலும் பூவு. தெர்தா?"

இருபது ஆளை விசிலில் ஆட்டிய மனிதர் யாருக்குப் பயப்படுகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரையும் பக்கத்தில் உட்கார வைத்து, வாய் நிறைய அதிரசம் கொடுத்து, பூ என்று மூன்று முறை சொல்ல வைத்துத்தான் போனார்.

அவர் போனதும் மகளிடம் கேட்டேன், எப்போது தெரியும் என்று.

"முதல் நாளே தெரியும்ப்பா. பம்ப்புன்னீங்க. பம்ப்புக்கு எதுக்குப்பா ரெண்டு பக்கமும் நாலு நாலு கால்?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சீங்க. பாவமா இருந்துது."

கல்யாணம் நன்றாக நடந்தது. சாரங்கின் மனைவி வளைவைப் பார்த்து, "செம்பருத்திதானே?" என்று கேட்டார். சாரங்கு ஆமாம் என்று எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். மகள் திருவொற்றியூரில் நன்றாக இருக்கிறாள். எருமையும் நன்றாக இருக்கிறதாம், மாமனாரும் மருமகளுமாக ஞாயிறுதோறும் தட்டையானவற்றைத் தேடி எடுக்கிறார்களாம்.

நான்தான் சரியாகவில்லை. பந்தல்காரர் அந்தப் படத்தைத் திருப்பித் தரவே இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஐந்து வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் அதே வளைவு. பள்ளிக்கூட ஆண்டு விழா ஒன்றுக்குக்கூடக் கட்டினார். நீலம், மஞ்சள், சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும் யாரோ ஒரு பெண்ணின் அப்பா கைகூப்பி நிற்பார், எனக்குப் படபடக்கும்.

இப்போது இளையவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நேற்றுப் பந்தல்காரர் வந்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்த அந்தக் காகிதத்தை மேசை மேல் விரித்து வைத்தார்.

"நைனா, இது உன் வூட்டு வளைவு. உன் ரெண்டாவது பொண்ணுக்கு இன்னும் பெர்சா கட்றேன்."

இளையவள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது என்ன படம்?"

பம்ப்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பூ என்ற சொல்லும் அதன் பின்னாலேயே வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

"உண்ணி" என்றேன். "ஆண் உண்ணியோட உள்ளுறுப்பு. பிள்ளை உண்டாக்கற உறுப்பு. உங்க அக்கா இதைச் சரியா வரைஞ்சா. இது நான் தப்பா வரைஞ்சது."

"தெரியும்ப்பா, அக்கா அப்பவே சொல்லிட்டா. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்."

பந்தல்காரரின் கை காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. "இன்னாது? உண்ணியா?" என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஒரு விரலால் நீலத் தூணைத் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "நைனா! எத்தினி கல்யாணத்துக்குக் கட்டிக்கீறேன் தெரியுமா இத்த?"

நான் நெஞ்சில் கை வைத்திருந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். மீன்காரம்மா மகள், ஃபயர்மேன் தங்கை, படகுக்காரர் வீட்டு இரண்டு பேர் என்று தெருத் தெருவாகப் போனார். இரண்டு கையும் தீர்ந்தது. கண்ணைத் திறந்தார். முகம் தெளிந்திருந்தது.

"சரிதான் நைனா" என்றார். "எல்லார் வூட்லயும் தொட்டில் ஆடுது." காகிதத்தைப் பத்திரமாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இத்தயே கட்டிடறேன்."